மூச்சு முடிந்த வரி

நீரஜா கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை போகிற போக்கில் உங்களுக்கு அவள் மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும், ஆனால் கடைசிவரை கூட இருங்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குணம்தான். எதையும் மூன்று தடவை பார்ப்பாள். மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிப் படி இறங்கியவள் திரும்பி வந்து பூட்டை ஒரு இழுப்பு இழுப்பாள்; பாதித் தெரு போனபின் மறுபடி வந்து இன்னொரு இழுப்பு. மாட வீதியில் கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காம்புக்கடியில் ஓட்டை தேடுவாள். காய் விற்கிற பாஞ்சாலி, "புழு இருந்தா அதுவே எட்டிப் பாத்து குரல் குடுக்கும்மா, நீ ஏன் கஷ்டப்படறே" என்பாள். நீரஜா சிரிக்காமல் அடுத்த காயைத் திருப்புவாள்.

இப்படிப்பட்டவள் அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று நாலாம் வருஷம் அங்கே ஒரு புது ஏற்பாடு வந்தது. விளையாட்டுக்கும் கச்சேரிக்கும் போகிற பெண்களுக்குப் பாடம் தவறிப்போகிறது, பரீட்சை தவறிப்போகிறது என்று பிரின்சிபால் அம்மாள் கவலைப்பட்டார். தவறிய பரீட்சையை அவர்கள் சனிக்கிழமை தனியாக எழுதிக்கொள்ளலாம். வெளியூர் ஆட்டத்துக்கோ கச்சேரிக்கோ போன நாட்களுக்கு ஓ.டி. போட்டு, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வெளியே போயிருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கு ஒரு சீட்டு உண்டு. உடற்பயிற்சி டைரக்டர் அஃப்சருன்னிசா பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

இந்த ஏற்பாட்டின் பொறுப்பு நீரஜாவுக்கு வந்தது. அந்தப் பெண்களுக்கு நிதானமான ஒரு ஆள் துணை வேண்டும் என்று நினைத்துத்தான் பிரின்சிபால் கொடுத்தார். நீரஜாவோ, ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கத் தன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய இரண்டாம் வருஷ வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மஹதி. நீரஜாவின் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள். டிசம்பர் வந்தால் சபா சபாவாகப் பாடப் போவாள். இன்னொருத்தி அன்புக்கரசி. சைதாப்பேட்டையில் ஆற்றோரத்துக் குடிசை. அப்பா சுப்புராயன், மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்குகிறவர். அன்புக்கரசி யூனிவர்சிட்டி கபடி டீமில் ரைடர், அதாவது எதிராளி பக்கத்துக்குள் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். கபடிக்காகக் கொடுத்த கோட்டா சீட்டில் படித்தாள். ஒரு வருஷம் தவறினால் அந்தச் சீட்டு போய்விடும். "அப்பால நானும் எங்கப்பன்கூடக் கூடை எறக்கவேண்டிதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மஹதியின் ஓ.டி. சீட்டுகளை நீரஜா ஒரு தடவைதான் பார்த்தாள். அன்புக்கரசியின் சீட்டுகளை மூன்று தடவை பார்த்தாள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அன்புக்கரசி தவறிய பரீட்சையை எழுதினாள். மறுநாள் காலை நீரஜா கூடத்து மேஜையில் உட்கார்ந்து விடைத்தாளைத் திருத்தினாள். எங்கே தடுக்கும் என்று பார்த்துக்கொண்டே போனாள், தடுக்கவே இல்லை. இத்தனை நாள் வகுப்புக்கே வராதவள், தமிழில், கோணல் மாணலான எழுத்தில், வரிசையாகச் சரியாக எழுதியிருந்தாள். நீரஜாவுக்கு அதுவே சரியாகப் படவில்லை. நான்காவது கேள்விக்கு வந்தாள். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக. விடை இப்படி இருந்தது:

'எடுத்துக்காட்டாக, குக்கரில் ஆவி வெளியே போக வழியில்லை. எங்காத்துல போன வாரம் வெயிட் தூக்கிண்டு போய் பெருமாள் படத்துல பட்டு கண்ணாடி விரிஞ்சுடுத்து. ஆத்துக்காரர் பெருமாளுக்கே பிரஷர் என்கிறார்.'

நீரஜா பேனாவைக் கீழே வைத்தாள். காது இரண்டும் சூடாகிவிட்டது. முதலில் தோன்றியது, இந்தப் பெண் என்னைக் கிண்டல் பண்ணுகிறாள், என் பேச்சையும் என் வீட்டையும் விடைத்தாளில் நக்கல் அடிக்கிறாள் என்பதுதான். இரண்டாவதாகத் தோன்றியது இன்னும் மோசம். இது இவளுக்கு எப்படித் தெரியும்?

குக்கர் வெயிட் பறந்தது நிஜம். கண்ணாடி விரிந்ததும் நிஜம். புருஷன் கஸ்தூரிரங்கன் அந்த ஜோக் அடித்ததும் நிஜம். நீரஜா அதை வெளியில் சொன்னது ஒரே ஒரு தடவை, இரண்டாம் வருஷ வகுப்பில். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். செப்டம்பர் பதினாலு, புதன்கிழமை. அந்த வாரம் முழுக்க அன்புக்கரசியின் பெயருக்கு நேரே ஓ.டி. போட்டிருந்தது. கோயம்புத்தூரில் ஆட்டம்.

கஸ்தூரிரங்கன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், நம் குக்கர் விஷயத்தை யாரிடமாவது சொன்னேளா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, ஆபீசில் சொல்லியிருக்கலாம், பார்க்கில் சொல்லியிருக்கலாம், நல்ல ஜோக்காச்சே என்றார். சைதாப்பேட்டையில் யாரிடமாவது? அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏண்டீ, குக்கரைத் தேடிண்டு போலீஸ் வந்திருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரில் இருந்தவள் அடையாறில் நான் பேசியதைக் கேட்டிருக்க முடியாது. கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் அவள் கோயம்புத்தூர் போகவே இல்லை. ஊரில் இருந்துகொண்டு, ஜன்னலோரம் எங்கேயோ நின்றிருக்கிறாள். சீட்டு பொய். ஒரு சீட்டு பொய்யென்றால் மற்றதெல்லாம் என்ன? நீரஜா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஓ.டி.யோடு எழுபத்தேழு சதவீதம். ஓ.டி.யை எடுத்துவிட்டால் ஐம்பத்தெட்டு. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது.

திங்கட்கிழமை உடற்பயிற்சி அறைக்குப் போனாள். அஃப்சருன்னிசா மைதானத்தில் இருந்தார். கதவு திறந்து கிடந்தது. பந்து வாடையும் வியர்வை வாடையுமான அந்த அறையில், மேஜைமேல் ஓ.டி. சீட்டுக் கட்டு இருந்தது. நீரஜா புரட்டினாள். எல்லாச் சீட்டும் வெற்றுச் சீட்டு. பெயரில்லை, தேதியில்லை. அடியில் மட்டும் பச்சை மையில் கையெழுத்து, முன்கூட்டியே போட்டு வைத்தது. யார் வேண்டுமானாலும் கிழித்து, எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்தாள். காம்புக்கடியில் ஓட்டை தெரிந்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

சாயங்காலம் மஹதி வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள். கல்லூரியில் மிஸ், தெருவில் மாமி. நீரஜா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"அந்த அன்புக்கரசி செப்டம்பர்ல கோயம்புத்தூர் போனாளா, இல்லே இங்கேயே சுத்திண்டிருந்தாளா? நோக்குத் தெரியுமோ?"

மஹதியின் முகம் வெளுத்தது. "நேக்கு... தெரியாது மாமி."

"நான் வகுப்புல சொன்னதெல்லாம் அவ எழுதி வச்சிருக்காடி. குக்கர், பெருமாள், எல்லாம். எப்படி?"

மஹதி டப்பாவை மூடினாள். மூடிய டப்பாவை மறுபடி அழுத்தி மூடினாள். தெரியாது என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாவம், அந்தக் கபடிக்காரி இவளையும் மிரட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நீரஜா வீட்டுக்குப் போனாள்.

உங்களை வீணாகத் தவிக்கவிட எனக்கு மனசில்லை. மஹதி உள்ளே போய் என்ன செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். அலமாரியிலிருந்து தன் பௌதிக நோட்டை எடுத்தாள். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் கிழித்திருந்தது. நோட்டுக்குள்ளே நீலம் தேய்ந்துபோன ஒரு கார்பன் பேப்பர்.

விஷயம் இதுதான். அன்புக்கரசி ஊரில் இல்லாத நாட்களில் மஹதி கார்பன் வைத்து நோட்ஸ் எழுதுவாள். மேல் பக்கம் தனக்கு, அடிப் பக்கம் அவளுக்கு. அதற்குப் பதிலாக, மஹதி கச்சேரிக்குப் போகிற மார்கழியில் லேபில் அவளுக்கான ரீடிங்கை எல்லாம் அன்புக்கரசி குறித்து வைப்பாள். இரண்டு பேரும் கேன்டீனில் ஒரு டீயைப் பாதிப் பாதி குடித்துக்கொண்டு செய்துகொண்ட ஒப்பந்தம். இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நீரஜா வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. அவள் விளக்கும்போது யாரும் எழுதக் கூடாது, பேனா மூடியிருக்க வேண்டும், முதலில் கேட்க வேண்டும். மஹதி கடைசி பெஞ்சில் தாவணிக்கு அடியில் வைத்து எழுதினாள்.

எழுதினாளே, அதுவும் எப்படி? அவள் பாட்டுக் கற்ற இடத்தில் வாத்தியார் எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். வாயிலிருந்து விழுந்ததை விழுந்தபடியே எழுதிக்கொள்ள வேண்டும். எது முக்கியம் என்று பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஏழு வயசிலிருந்து அப்படிப் பழகிய கை. நீரஜா இருமினால் இருமல் என்று எழுதாத குறை. வகுப்பில் இருந்தவளுக்கு எது பாடம், எது பேச்சு என்று தெரியும். கோயம்புத்தூரிலிருந்து வந்து கார்பன் தாளைப் பிரிக்கிறவளுக்கு எல்லாம் ஒரே நீலம்தானே.

வியாழக்கிழமை பிரின்சிபால் அறையில் விசாரணை. பிரின்சிபால், நீரஜா, அஃப்சருன்னிசா, மேஜைக்கு முன்னால் அன்புக்கரசி. ஹவாய் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். முழங்காலில் பழைய சிராய்ப்பு பாவாடையோடு உரசாமலிருக்க, துணியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நீரஜா விடைத்தாளை வைத்தாள். பதிவேட்டை வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வெற்றுச் சீட்டை வைத்தாள்.

அஃப்சருன்னிசாவின் முகம் சிவந்தது. அறுபது பெண்கள், ஏழு டீம், நான் பாதி நாள் ரயிலில் இருக்கிறேன், ஒவ்வொருத்தியும் கையெழுத்துக்காக என் பின்னால் அலையக் கூடாதே என்று போட்டு வைத்தேன், தப்புதான் என்றார். ஆனால் கோயம்புத்தூருக்கு இந்தப் பெண் வந்தாள், ரிசர்வ் செய்யாத பெட்டியில் என் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தாள், அதற்கு நானே சாட்சி என்றார். நீரஜா அவரைப் பார்க்காமல் அந்தச் சீட்டை மட்டும் பார்த்தாள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவரின் சாட்சிக்கு என்ன மதிப்பு என்று அவள் வாயால் கேட்கவில்லை. கேட்டது போலவே இருந்தது.

பிரின்சிபால் அன்புக்கரசியைப் பார்த்தார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். பதில் சரியாக இல்லாவிட்டால் இந்த வருஷ ஓ.டி. எல்லாம் ரத்து. ஹால் டிக்கெட் கிடையாது. கோட்டா சீட்டும் போய்விடும். பிறகு கேட்டார்:

"நீரஜா மிஸ் வீட்டு குக்கர் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது மேடம். எங்கூட்ல குக்கரே கெடயாது, ஸ்டவ்வுல சட்டிதான். படிச்சத எழுதினேன்."

"எதிலே படிச்சே?"

அவள் பதில் சொல்லவில்லை. மஹதியின் பெயரைச் சொன்னால் தன் தலை தப்பும், அந்தப் பெண்ணின் தலை உருளும் என்று அவளுக்குத் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீரஜாவுக்கு அந்த மௌனம் போதுமாக இருந்தது. பாருங்கள், வாயே திறக்கவில்லை என்பது போலப் பிரின்சிபாலைப் பார்த்தாள். பிறகு, இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் அதைக் கேட்டாள்.

"படிச்சேங்கறே. சரி. அந்தப் பாடத்தைச் சொல்லு பார்ப்போம்."

"முழுசாவா மிஸ்?"

"முழுசா."

அன்புக்கரசி என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு காலையும் கொஞ்சம் அகற்றி வைத்தாள். முழங்காலை லேசாக மடக்கினாள். அவளுக்குப் படிக்க மேஜையில்லை, விளக்குமில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடும்போது, கபடி கபடி என்று பாடிப் பழகுகிற மூச்சில், பாடத்தைத்தான் பாடிப் பழகுவாள். ஒரு மூச்சுக்கு ஒரு பக்கம். நடுவில் ஒரு சொல்லை விட்டால் தாளம் தப்பி மூச்சு உடைந்துபோகும். அதனால் எதையும் விடுவதில்லை. நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"கொதிநிலைங்கறது அழுத்தத்தைப் பொறுத்தது அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும் இங்கே தண்ணி நூறு டிகிரில கொதிக்கும் கொடைக்கானல்ல அதுக்கு முன்னாடியே கொதிக்கும் அதான் அங்கே பருப்பு வேகாது குக்கர்ல ஆவி வெளியே போக வழியில்லை உள்ளே அழுத்தம் ரெண்டு மடங்காறது தண்ணி நூத்தி இருபதுலதான் கொதிக்கும் அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்கோ பேப்பர் பறக்கறது எங்காத்துல போன வாரம் வெயிட் தூக்கிண்டு போய் பெருமாள் படத்துல பட்டு கண்ணாடி விரிஞ்சுடுத்து ஆத்துக்காரர் பெருமாளுக்கே பிரஷர்ங்கறார் சிரிக்காதேங்கோ இது பரீட்சைக்கு வரும்"

அங்கே நின்றாள். நின்ற வேகத்தில் உதடு ஒரு தடவை அசைந்து மூடிக்கொண்டது.

தன் குரலைத் தானே எதிரில் கேட்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இழுப்பு, அந்த 'ங்கோ', எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அதில் நக்கல் இல்லை. பிரின்சிபால் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பழக்க தோஷத்தில் நீரஜாவின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிருந்தது. இருபத்தாறு நொடி.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் பிரின்சிபால். "இன்னும் இருக்கு போலிருக்கே."

"மூச்சு முடிஞ்சிச்சு மேடம்."

"விடைத்தாள்ல அந்த ஃபேனை மட்டும் காணோமே?"

"ஃபேன் மேட்டர் பாடம் இல்லன்னு தெரிஞ்சிச்சு மேடம். குக்கர் பாடம்தானே."

அப்போது கதவு திறந்தது. மஹதி. எவ்வளவு நேரமாக வெளியே நின்றாளோ, நெற்றிப் பொட்டு வியர்வையில் கலைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் வந்து நோட்டை மேஜைமேல் வைத்தாள். நான்தான் எழுதினேன், மிஸ் பேசும்போதே எழுதினேன், கார்பன் வைத்து இவளுக்குக் கொடுத்தேன், தண்டனை எனக்குத்தான் என்று முணுமுணுத்தாள். அன்புக்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதருகே, "உன்ன யாருடி கூப்ட்டா, லூசு" என்றாள்.

நீரஜா நோட்டை எடுத்தாள். கார்பனைப் பார்த்தாள். கிழித்த விளிம்புகளைப் பார்த்தாள். இன்னும் நம்பவில்லை, விரலை வைத்துத் தேடி, செப்டம்பர் பதினாலுக்கு வந்தாள். மஹதியின் முத்தான எழுத்தில் எல்லாம் இருந்தது. கொடைக்கானல் பருப்பு. ஃபேன். பெருமாள். சிரிக்காதேங்கோ. இது பரீட்சைக்கு வரும். விரல் அதற்கு அடுத்த வரிக்குப் போனது.

'இங்கே கோட்டாவுல வந்து ஒக்காந்திருக்குகளே, அந்தக் கபடிக்காரி மாதிரி, அதுகள்லாம் குக்கரையே கண்ணால பார்த்திருக்காது, பிரஷர் எங்கேர்ந்து புரியப் போறது. இன்னிக்கு வரலை, நல்லதாப் போச்சு.'

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு அதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. தானும் சிரித்ததாக ஞாபகம். நிமிர்ந்து பார்த்தாள். அன்புக்கரசி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி? ஒத்து வரதா?" என்று பிரின்சிபால் நோட்டுக்காகக் கையை நீட்டினார்.

நீரஜா நோட்டை மூடினாள். "ஒத்து வரது மேடம். ஒரு எழுத்து பிசகாம இருக்கு." நோட்டை அவரிடம் கொடுக்கவில்லை. மஹதியிடம் கொடுத்தாள்.

ஓ.டி. ரத்தாகவில்லை. இனி வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று அஃப்சருன்னிசா ஒப்புக்கொண்டார். மஹதிக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. நீரஜா தானாகவே, இனிமேல் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டாள். நான்காவது கேள்விக்கு மட்டும் இரண்டு மார்க் குறைத்தாள். பெருமாள் படம் பாடத்தில் இல்லை.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சந்தேகப்பட்டே பழகிய மனசு அவ்வளவு சீக்கிரம் படுக்குமா?

அந்தப் பெண்ணுக்கு அங்கே நிஜமாகவே மூச்சு முடிந்ததா? இல்லை, முழுசும் தெரிந்திருந்தும் விழுங்கிவிட்டாளா? விழுங்கினாள் என்றால் எதற்காக? பின்னால் ஒரு நாள் எடுத்து வீசுவதற்காகவா? வகுப்பில் நீரஜா கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகில் அந்த வரி ஊர்ந்தது. அன்புக்கரசி கைதூக்கினால், இதோ வருகிறது என்று சாக்கட்டியைக் கீழே வைப்பாள். அவள் கேட்டதோ, "மிஸ், அந்த மூணாவது லைன் தெர்ல, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்பதுதான். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. பாடம் நடத்தும்போது ஏதோ சொல்ல வாயெடுப்பாள், கடைசி பெஞ்சில் மஹதியின் பேனா முள் காகிதத்தைத் தொடத் தயாராக நிற்பது தெரியும், பாதியில் நிறுத்திக்கொள்வாள். பெண்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது: மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையோ, இப்பல்லாம் ஊர்வம்பே பேசறதில்லை.

நவம்பரில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, தி.நகரில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவள் நந்தனத்தில் இறங்கினாள். யூனிவர்சிட்டி கபடி டீம் ஆடுகிற மைதானத்து வேலியோரம், தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் நின்றாள். கபடியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. ஈர மண்ணில் கோடு போட்டிருந்தார்கள். அன்புக்கரசி கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். கபடி கபடி கபடி என்று அந்தக் குரல் ஆரம்பித்த நொடியில் நீரஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பேர் வட்டம் கட்டினார்கள். அவள் குனிந்தாள், கால் நீட்டினாள், பின்வாங்கினாள், ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்து விழுந்தாள். விழும்வரை குரல் அறுபடவில்லை. நாற்பத்தொரு நொடி.

ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம். காத்திருந்தாள். அடுத்த தடவை முப்பத்தொன்பது. அதற்கடுத்தது நாற்பத்துநாலு, திரும்பி வந்தவள் மேல்மூச்சு வாங்காமல் நடுவரிடம் சண்டை வேறு போட்டாள்.

இருபத்தாறு நொடியில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முடியாது.

நீரஜா கிளம்பியிருப்பாள். அதற்குள் அன்புக்கரசி அவளைப் பார்த்துவிட்டாள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள். இப்போது சந்தேகம் அந்தக் கண்ணில் இருந்தது.

"இன்னா மிஸ், ஓ.டி. செக் பண்ண வந்தீங்களா? வேணும்னா அஃப்சர் மேடத்த கூப்புடட்டா, அங்கதான் உக்காந்துகினு கீறாங்க."

"இல்லை. சும்மா வந்தேன்."

சும்மா வருகிறவள் இல்லை நீரஜா என்று அவளுக்குத் தெரியாதா? அப்படியே நின்றாள். நீரஜா கொஞ்ச நேரம் கடிகாரத்தின் வாரை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உனக்கு மூச்சு முடியலை," என்றாள்.

அன்புக்கரசி காலிலிருந்த மண்ணை வேலிக் கம்பியில் தேய்த்தாள். ஒரு கால் முடிந்து மறுகால்.

"முடிஞ்சிச்சு மிஸ்."

"நான் இப்போ மூணு தடவை பார்த்தேன்."

"முடிஞ்சிச்சு மிஸ்," என்றாள் மறுபடியும், அதே குரலில். பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "அடுத்த மாசம் ஆல் இந்தியா மேட்ச், பாட்னா போறோம். பத்து நாள். ஓ.டி. சீட்டு உங்ககிட்டதான வரும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நீரஜாவின் முகத்தை ஊன்றிப் பார்த்தாள்.

"வரட்டும். போடறேன்."

நீரஜா கைப்பையைத் திறந்தாள். பாண்டி பஜாரில் முன்பே வாங்கி வைத்திருந்த ஒரு கார்பன் பேப்பர் பாக்கெட்டை எடுத்து வேலிக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். மஹதியிடம் கொடுத்துவிடு, பழையது தேய்ந்துபோயிருக்கிறது, அடித் தாளில் எழுத்து மங்கலாக விழுகிறது என்றாள். அன்புக்கரசி உடனே வாங்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், நீரஜாவைப் பார்த்தாள். வாங்கியபின் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். கத்தரிக்காய் பார்ப்பது போலவே இருந்தது.

"இதுல எல்லாம் நல்லா விழுமா மிஸ்?"

"எல்லாம் விழும்," என்றாள் நீரஜா. "நான் பார்த்துப் பேசறேன்."

மைதானத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். பாக்கெட்டில் ஈரம் படாமல் துண்டில் சுற்றிக்கொண்டு அன்புக்கரசி ஓடினாள்.